காணாமல் வாங்கும் இறைச்சி

சந்தைக்குச் செல்லும் நம் இல்லத்தரசியர், மீன் விற்பவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே, அவர் சொல்லாதவற்றைத் தாமே விசாரித்து முடித்துவிடுவர். செவுளை விரித்து நிறம் பார்ப்பர். கண்ணின் தெளிவைப் பார்ப்பர். விரலால் ஊன்றி, விழுந்த குழி மீள்கின்றதா என்றும் பார்ப்பர். பணம் கைமாறுமுன் கண்ணும் கையும் மூக்கும் தத்தம் கடமையைச் செய்துவிடுகின்றன. ஆனால் உணவுப்பொருள் பெட்டியில் அடைபட்டு, ஆயிரம் மைல் கடந்து வாசலுக்கு வருமாயின் நிலைமை தலைகீழாகிவிடுகின்றது. முதலிற் பணம் போகின்றது. பின்னரே பொருள் வருகின்றது. இடைப்பட்ட வேளையில் வாங்குபவர் கையில் இருப்பது விற்பவரின் சொல் ஒன்றே.

இவ்வாரம் இதனை எழுத நேர்ந்தமைக்குக் காரணம் ஒரு கடிதம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் உயர்கல்வி பயிலும் நம் மாணவி ஒருவர் எழுதியிருந்தார். அங்கு சென்ற முதலாண்டில், பனிக்காலம் முழுவதும் தம்மைச் சொந்தப் பிள்ளைபோற் பேணிய ஒரு குடும்பத்தினருக்கு, படிப்பு முடிந்து புறப்படுமுன் நன்றிப் பரிசொன்று அனுப்ப அவர் விரும்புகின்றார். அந்நாட்டில் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் உயர்ந்த ரக மாட்டிறைச்சித் துண்டுகளைப் பெட்டியில் அனுப்பும் வழக்கம் உண்டு. அக்குடும்பத்தினர் அதனை விரும்பி உண்பவர்கள். பகுதிநேர வேலையில் மிச்சம் பிடித்த 150 டொலர் மாணவியிடம் இருக்கின்றது. அவரோ பிறந்தது முதல் மரக்கறி உணவினர். ருசியும் அறியாமல், கண்ணாலும் காணாமல், நல்லதை எவ்வாறு தெரிந்து வாங்குவது என்பதே அவர் கேள்வி.

எம் வீட்டிலும் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. நேயர்களிற் பலர் இல்லங்களிலும் அவ்வாறே இருக்கும். ஆயினும் தராசுக்கும் விலைச்சீட்டுக்கும் மரக்கறி, மாமிசம் என்ற பேதம் கிடையாது. அன்றியும் கடல் கடந்து வாழும் நம்மவருள் இதனை வாங்குவாரும் உண்பாரும் உளர். ஆகவே மாணவிக்குத் தனியாக எழுதவிருந்ததைப் பொதுவாகவே எழுதிவிடத் துணிந்தோம்.

தசையின் நாரோட்டத்துக்குக் குறுக்கே தடிப்பாக அரிந்தெடுத்த துண்டையே அவர்கள் 'ஸ்டேக்' என்பர். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரிலே 1917இல் தோன்றிய 'ஒமாகா ஸ்டேக்ஸ்' என்னும் நிறுவனம் 1952இல் அஞ்சல்வழி விற்பனையைத் தொடங்கியது. இன்று அதனைப் போல் எத்தனையோ நிறுவனங்கள் இருக்கின்றன. கைபேசித் திரையிற் படத்தைக் காட்டி விற்கின்றனர். படத்திலுள்ள துண்டு வீட்டுக்கு வரப்போகும் துண்டு அன்று என்பதை மட்டும் வாங்குபவர் மறவாதிருத்தல் வேண்டும்.

விலைப்பட்டியலைத் திறந்தவுடன் பெரும் பட்டங்கள் எதிர்ப்படுகின்றன. 'பிரீமியம்' என்பர், 'கூர்மே' என்பர், 'பிரைவேட் ரிசேர்வ்' என்பர், 'ஸ்டேக்ஹவுஸ் தரம்' என்றுங் கூறுவர். இவை யாவும் விற்பவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டங்கள். அரசாங்கத்தின் தரப்பட்டியலில் இவற்றுக்கு இடமே இல்லை. 'நச்சுரல்', அதாவது இயற்கையானது, என்ற சொல்லுக்கு வரையறை உண்டு. ஆனால் செயற்கைப் பொருள் சேர்க்கப்படவில்லை, பக்குவஞ் செய்தது மிகக் குறைவு என்பதற்கு மேல் அது எதனையும் உறுதிசெய்வதில்லை. மாடு எங்கே வளர்ந்தது, எதைத் தின்றது என்பவற்றை அச்சொல் கூறாது.

பொருள் பொதிந்த சொற்கள் மிகச் சிலவே. அவற்றை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். அமெரிக்காவில் இறைச்சிப் பரிசோதனை 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயமானது. அப்பரிசோதனையின் அடையாளம் வட்ட முத்திரை. உண்ணத் தகுந்தது என்பதற்கே அது சான்று; உயர்ந்தது என்பதற்கன்று. தரம் பிரிப்பது வேறு வேலை. விவசாயத் திணைக்களம் 1927இல் தொடங்கிய அச்சேவை கட்டாயமன்று. இறைச்சி நிறுவனம் விரும்பிக் கட்டணஞ் செலுத்தினால் மட்டுமே தரம் பிரிப்பவர் வருவார். மாட்டின் 12ஆம் 13ஆம் விலாவெலும்புகளுக்கிடையே குறுக்காக வெட்டி, அங்கு தோன்றும் தசையை அவர் நோக்குவார். இக்காலத்தில் ஒளிப்படக் கருவியும் துணைசெய்கின்றது. அவர் முக்கியமாகத் தேடுவது, சிவந்த தசையின் ஊடே வெண்ணிற இழைகளாகப் பரந்து கிடக்கும் கொழுப்பு. சலவைக்கல்லில் ஓடும் ரேகைகளை ஒத்திருத்தலால் 'மார்பிளிங்' எனப் பெயர் பெற்றது. நெருப்பில் இக்கொழுப்பு உருகித் தசையை வறளவிடாது காக்கின்றது, சுவையையுந் தருகின்றது. ஓரத்திற் பட்டையாகத் தடித்துக் கிடக்கும் கொழுப்புக்கு இப்பெருமை இல்லை.

இழைக்கொழுப்பின் அளவையும் கால்நடையின் வயதையும் கொண்டு தரம் நிர்ணயிக்கப்படுகின்றது. முதலாவது 'பிரைம்', அடுத்தது 'சொய்ஸ்', அதற்கும் அடுத்தது 'செலெக்ட்'. இவற்றுக்குக் கீழும் ஐந்து தரங்கள் உள்ளன; பரிசுப் பெட்டியை வாங்குபவருக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. மூன்றாந் தரத்துக்கு முன்பு 'குட்', அதாவது நல்லது, என்றே பெயர். 1987இல் அதனை 'செலெக்ட்', தெரிந்தெடுத்தது, என மாற்றினர். இறைச்சி மாறவில்லை, பெயர்தான் ஒரு படி ஏறிற்று!

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'சொய்ஸ்' என்பது அகன்ற வீதி. இழைக்கொழுப்பின் மூன்று படிகள் அதனுள் அடங்குகின்றன. மேற்படியில் நிற்கும் துண்டு பிரைமுக்கு அயல்வீட்டுக்காரன். கீழ்ப்படியில் நிற்பது செலெக்டுக்கு அயல்வீட்டுக்காரன். இருவருக்கும் முத்திரை ஒன்றே. விற்பவர் 'சொய்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் படி என்று எழுதிக் கேட்பதில் தவறில்லை. நேரிய வணிகர் விடை தருவர். தரமே குறிப்பிடாது, பட்டங்களை மாத்திரம் அடுக்கியிருப்பாராயின், அந்த மௌனத்தை விடையாகக் கொள்க.

பெயரால் வரும் மயக்கம் இன்னும் பல. 'பிரைம் ரிப்' என்று ஓர் உணவு உண்டு. அது விலாப்பகுதியின் பெயர்; பிரைம் தரத்தின் பெயரன்று. சொய்ஸ் தர விலாவையும் அப்பெயராலேயே விற்கலாம். 'அங்கஸ்' என்பது மாட்டினத்தின் பெயர். அது தனித்து நின்றால் தரத்தைப் பற்றி ஒன்றுங் கூறாது. ஆனால் 1978இல் தோன்றிய 'சேர்ட்டிபைட் அங்கஸ் பீஃப்' என்னும் திட்டத்தின் முத்திரை இருக்குமாயின் மதிப்பு வேறு. சொய்ஸின் கீழ்ப்படியைத் தள்ளிவிட்டு, அதற்கு மேற்பட்டதையே அத்திட்டம் ஏற்கின்றது.

யப்பானியப் பெயர்களால் வரும் மயக்கமோ பணத்துக்குப் பெருங்கேடு. கோபே என்பது யப்பானின் ஹியோகோ மாநிலத்திற் பிறந்து வளர்ந்த தஜிமா வழி மாடுகளுக்கு மட்டும் உரிய பெயர். 2012ஆம் ஆண்டு வரையில் அவ்விறைச்சி யப்பானை விட்டு வெளியேறியதே இல்லை. அதற்கு முன்னரே அமெரிக்க உணவகங்களிற் 'கோபே' என விற்றவை எங்கிருந்து வந்தன என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 'வாகியு' என்றால் யப்பானிய மாடு என்பதே பொருள். அமெரிக்க வாகியு பெரும்பாலும் அங்கஸ் இனத்தோடு கலந்தது. கலப்பினம் என்பதால் அது தாழ்ந்ததன்று. அமெரிக்கர் பலருக்கு அதன் சுவையே உவப்பானது. ஆயினும் 'ஏ5' என்ற குறி யப்பானியத் தரநிர்ணயத்துக்கே உரியது. உண்மையான யப்பானிய இறைச்சிக்கு, மாடு ஒவ்வொன்றையும் அடையாளங் காட்டும் 10 இலக்க எண் உண்டு. அவ்வெண்ணைக் காட்ட இயலாதவர் யப்பானிய விலையைக் கேட்பது நியாயமாகாது.

தரம் அறிந்தபின் வெட்டை அறிதல் வேண்டும். ஒரே மாட்டில், ஒரே தர முத்திரையின் கீழ், மெதுவான தசையும் உண்டு, கடினமான தசையும் உண்டு. நடக்கவும் சுமக்கவும் உழைத்த தசை கடினமானது; உழையாத தசை மெதுவானது. முதுகெலும்பின் உட்புறத்தே ஒட்டிக் கிடக்கும் 'டெண்டர்லொயின்' உழையாத தசை. 'பிலே மின்யோன்' என்னும் பெயருடன் பரிசுப் பெட்டிகளில் முதலிடம் பெறுவது அதுவே. மாடொன்றிலிருந்து அது கிடைப்பது சொற்பம்; ஆகையால் விலை அதிகம். ஆனால் அதன் மென்மை இழைக்கொழுப்பால் வருவதன்று. எனவே அதற்குப் பிரைம் தரத்தைத் தேடி மேலதிக விலை கொடுப்பதால் வரும் பயன் சிறிதே. மேற்படிச் சொய்ஸ் போதும். விலாப்பகுதியிலிருந்து வரும் 'ரிப்-ஐ' துண்டிலோ இழைக்கொழுப்பே உயிர். கொடுக்கும் பணத்துக்குப் பிரைம் தரம் முழுப்பயன் தருவது அங்கேதான். மாணவி எமக்கு அனுப்பிய பட்டியலில் டெண்டர்லொயினுக்குப் பிரைமும், ரிப்-ஐக்குத் தரமே குறிப்பிடாமையும் கண்டோம். அப்பட்டியலை எழுதியவர் வாணிகம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

தோளிலிருந்து வரும் 'பிளாட் அயன்' என்னும் வெட்டையும் ஒரு சொற் கூறிவைக்கின்றோம். நடுவே ஓடும் தடித்த சவ்வால் அது நெடுங்காலம் மதிப்பின்றிக் கிடந்தது. நெப்ராஸ்கா, புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்து, சவ்வை நீக்கினால் மென்மையில் டெண்டர்லொயினுக்கு அடுத்தபடி நிற்பது இதுவே எனக் கண்டனர். விலை இன்னும் அதற்கு வெகு கீழே. பரிசாக அனுப்பப் பெயர் போதாது என்று சிலர் தயங்குவர்; தம் வீட்டுக்கு வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை.

பட்டியலில் அடுத்துக் காணப்படுவது பதப்படுத்திய நாட்கணக்கு. வெட்டிய இறைச்சியைக் குளிரிலே சில வாரம் வைத்திருப்பின், அதிலுள்ள நொதியங்களே தசைப் புரதங்களைச் சிதைத்து மென்மையாக்குகின்றன. காற்றகற்றிய பொதிக்குள் வைத்துப் பதப்படுத்துவதே இன்று பெருவழக்கு. எடை குறையாது, செலவும் குறைவு. காற்றுப் படும்படி குளிரறையில் வைத்துப் பதப்படுத்துவது பழைய முறை. நீர் வற்றுகின்றது, மேற்புறம் காய்ந்து இறுகுவதால் அதனை அரிந்து எறியவும் வேண்டும். எஞ்சும் இறைச்சிக்குக் கடலையை வறுத்தாற்போன்ற ஒரு வாசம் ஏறுகின்றது என்பர். போன எடைக்கும் சேர்த்தே விலை கேட்கின்றனர். அது நேர்மையான கணக்குத்தான். ஆனால் வெறுமனே '28 நாள் பதப்படுத்தியது' என்று எழுதியிருந்தால், எம்முறையில் என்று கேளுங்கள். பொதிக்குள் 28 நாள் கிடந்ததற்குக் குளிரறை விலை கொடுக்க வேண்டியதில்லை.

இனித் தராசுக்கு வருவோம். இங்கேதான் பணம் பெரும்பாலும் கரைகின்றது. பெட்டியின் மேல் '20 பொருள்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பொருட்கணக்கு ஒரு கணக்காகாது. உதாரணமாக 150 டொலர் பெட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். 5 அவுன்சு டெண்டர்லொயின் துண்டுகள் 4, கொத்திறைச்சி வட்டங்கள் 8, சொசேஜ் 4, அப்பிள் பணியாரம் 4. ஆக 20. ஸ்டேக் எனத் தக்கது 20 அவுன்சு மட்டுமே. இறாத்தலுக்கு 16 அவுன்சாகையால் அது ஒன்றேகால் இறாத்தல். ஏனையவற்றை அயற்கடையில் 40 டொலருக்கு வாங்கலாம் எனக் கொண்டால், மிகுதி 110 டொலரும் ஒன்றேகால் இறாத்தலுக்கே. இறாத்தல் 88 டொலர்! மறுபுறம், 12 அவுன்சு நிறையுள்ள பிரைம் ரிப்-ஐ துண்டுகள் 4, விலை 130 டொலர், அனுப்புகூலி 20 டொலர் என்று வேறொருவர் விற்கின்றார் என்போம். 48 அவுன்சு, அதாவது 3 இறாத்தல். இறாத்தல் 50 டொலர். வெட்டு வேறாகையால் இரண்டையும் அப்படியே எதிரெதிர் நிறுத்துவது முற்றும் பொருந்தாது. எனினும் நால்வர் உள்ள குடும்பத்தின் மேசைக்கு எது வயிறார வருகின்றது என்பது வெளிப்படை. முதலாமவர் 'அனுப்புகூலி இலவசம்' என்றிருப்பார்; அக்கூலி எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதும் இக்கணக்கினால் தெரிந்துவிடும்.

நிறையோடு தடிப்பையும் கேட்டறிதல் நன்று. ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத துண்டு, வெளியே நன்கு சிவக்கும்வரை நெருப்பைத் தாங்கி, உள்ளே சாறு வற்றாதிருக்கும். மெலிந்த துண்டு வெளியே சிவக்குமுன் உள்ளே வெந்து இறுகிவிடும். பிரைம் முத்திரையும் அதனைக் காப்பாற்றாது. அன்றியும் வாங்குமுன் அதே ஊரின் இறைச்சிக் கடையில் விலை விசாரிப்பது அவசியம். ஒரு காலத்தில் நூறு மாட்டில் இரண்டு மூன்றே பிரைம் தரம் பெற்றன. இனவிருத்தியும் தீனியும் திருந்தியதால் இப்பொழுது பத்தையொட்டிய எண்ணிக்கை தேறுகின்றது. முன்பு பெரிய உணவகங்களுக்கே போய்ச் சேர்ந்த பிரைம், இன்று சில பெருங்கடைகளிலும் கிடைக்கின்றது. நேரிற் பார்த்து வாங்க வழியிருப்பவர்க்குப் பெட்டி வேண்டியதில்லை. தூரத்து ஊருக்கு அனுப்புபவர்க்கே அது வேண்டும்.

சிறிய எழுத்தில் இருப்பதை ஒருமுறை படியுங்கள். 'இத்தனை வீதம் கரைசல் சேர்ந்தது' என்றிருந்தால், உப்புநீருக்கும் இறைச்சி விலை கொடுக்கின்றீர்கள். 'பிளேட் டெண்டரைஸ்ட்' என்றோ 'மெக்கானிக்கலி டெண்டரைஸ்ட்' என்றோ இருந்தால் விஷயம் பணத்தோடு நிற்பதன்று. கடினமான இறைச்சியை ஊசிகளாலும் கத்தி முனைகளாலும் குத்தி மென்மையாக்கியிருக்கின்றனர் என்பதே அதன் கருத்து. முழுத் துண்டில் பற்றீரியாக்கள் மேற்பரப்பிலேயே இருக்கும். அடுப்பின் சூட்டில் மடிந்துவிடும். குத்திய துண்டிலோ அவை உள்ளே தள்ளப்படுகின்றன. அத்துண்டை அரைவேக்காட்டில் உண்பது, சிறப்பாகக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும், ஆபத்தானது. 2016 மே மாதத்திலிருந்து இதனைப் பொதியின்மேல் எழுதுதல் அமெரிக்காவிற் கட்டாயம். சமைக்கும் முறையையும் கூறவேண்டும். எவ்வகை ஸ்டேக்குக்கும் அந்நாட்டு விவசாயத் திணைக்களம் விதித்திருப்பது, நடுவிலே 63 பாகை செல்சியஸ் சூடு ஏறி, அடுப்பிலிருந்து எடுத்தபின் 3 நிமிடம் ஆறுதல் என்பதாகும்.

பெட்டி வாசலுக்கு வந்த வேளையில், அதுகாறும் வேலையின்றிக் கிடந்த கண்ணும் கையும் மூக்கும் தம் பணியை மீண்டும் ஏற்கின்றன. முதலிற் கேட்கவேண்டியது குளிரை. துண்டுகள் கல்லைப்போல் உறைந்திருக்கலாம். ஓரளவு இளகியும் இருக்கலாம். வெப்பமானி 4 பாகை செல்சியஸ், அதாவது 40 பாகை பரனைற், அல்லது அதற்குக் கீழே காட்டினால் குறையில்லை. அதற்கு மேலாயின், மணம் நன்றாயிருப்பினும், ருசி பார்க்கவும் வேண்டாம். படம் எடுத்துவைத்து, விற்றவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

நிறத்தைக் கண்டு பலர் வீணே கலங்குகின்றனர். காற்றகற்றிய பொதியினுள் மாட்டிறைச்சி நாவற்பழம்போற் கறுத்த ஊதா நிறங் காட்டும். அது கெட்டதன் அறிகுறியன்று. தசையில் உள்ள மயோகுளோபின் என்னும் புரதம் ஒட்சிசனைக் காணாதவிடத்து அந்நிறத்தில் இருக்கும். பொதியைத் திறந்து கால்மணி, அரைமணி நேரம் விட்டால் செக்கச்செவேலென மாறும். பொதியிற் கசிந்த செந்நீரும் இரத்தமன்று. அப்புரதங் கலந்த நீரே. அது கொஞ்சமாயின் இயல்பு. துண்டு மிதக்குமளவு இருந்தால், மெதுவாக உறையவைத்ததனாலோ, இளகியபின் மறுபடி உறையவைத்ததனாலோ பெரும் பனித்துகள்கள் தோன்றித் தசையைக் கிழித்திருத்தல் கூடும். சாறு வெளியே போய்விட்டது. சமைத்தால் வறட்சிதான் மிஞ்சும். பொதி ஒட்டாமற் காற்றுப் புகுந்து ஊதியிருந்தாலும், திறந்த சிறிது நேரத்தின் பின்னும் புளித்த வாடை அகலாதிருந்தாலும், கை வழுவழுத்தாலும் ஏற்கவேண்டாம். உறைந்த துண்டுகளை இளக்குவது குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒருநாள் வைத்தே. அடுக்களை மேசையில் வைத்தன்று.

பரிசாக அனுப்புபவர் செய்யவேண்டிய காரியம் இன்னும் ஒன்றுண்டு. பெறுபவருக்கு முன்னரே சொல்லிவிடுதல். திடீர் மகிழ்ச்சி தரவேண்டுமென்று மறைத்து அனுப்பிய பெட்டி, வீட்டார் ஊரில் இல்லாத வேளையில் வாசற்படியில் இரண்டு நாள் வெயில் காயுமாயின் யார் என்ன செய்வது? திங்களோ செவ்வாயோ புறப்படும்படி நாள் குறித்தால், சனி ஞாயிறு விடுமுறையில் எங்கோ ஒரு கிடங்கில் அது தங்கிக் கிடக்காது. பெட்டிக்குள் இருக்கும் வெண்கட்டி பனிக்கட்டியன்று, உலர்பனி எனப்படும் திண்ம காபனீரொட்சைட்டு என்பதையும் அவர்களுக்கு எழுதிவிடுதல் நல்லது. பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை குளிருடையது; வெறுங்கையாற் தொட்டால் தோல் வெந்ததுபோலப் புண்ணாகும். மூடிய அறையிலோ மோட்டார் வண்டியிலோ வைத்தால் அது ஆவியாகி மூச்சை முட்டச் செய்யும். குழந்தைகள் எட்டாத, காற்றோட்டமுள்ள இடத்தில் திறந்து வைத்தால் தானே கரைந்து மறைந்துவிடும்.